உப்பும் சோறும் பாடிய மக்கள் கவிஞர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

வண்ணாரப்பேட்டையில் கல்யாண வீடு என்றால் ஒலிபெருக்கி இல்லாமல் இராது. தாலி கட்டும் வரையில் பக்திப் பாடல்கள்; தாலி ஏறிப் பந்தி விரித்ததும் மைக் செட்காரர் யாரும் கேட்காமலேயே போடுகின்ற பாட்டு ஒன்று உண்டு. அதுதான் ‘கல்யாண சமையல் சாதம்’. 1957-இல் விஜயா நிறுவனத்தார் எடுத்த ‘மாயாபஜார்’ படத்தில், கடோத்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் தனியொருவராக நின்று கல்யாண விருந்து முழுவதையும் காலி செய்யும் காட்சிக்கு உரிய பாட்டு அது. தஞ்சை இராமையாதாஸ் எழுதியது. லட்டுகள் தாமாகவே பறந்து வந்து அரக்கனின் வாய்க்குள் நுழைவதைக் கண்டு சிரிக்காத குழந்தை எந்தத் தலைமுறையிலும் இருந்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சிரிப்பு பந்திதோறும் பரிமாறப்பட்டுக்கொண்டே இருக்கின்றது.

அந்தப் பாட்டைப் பாடியவர் திருச்சி லோகநாதன். அதே தொண்டை மூன்றாண்டுகள் கழித்து வேறொரு பாட்டைப் பாடியது. 1960 பொங்கலுக்கு வெளிவந்த ஜெமினியின் ‘இரும்புத்திரை’ படத்தில் வரும் ‘கையிலே வாங்கினேன்’ என்ற பாட்டு. மாதம் முழுவதும் உழைத்த ஆலைத் தொழிலாளி சம்பளத்தைக் கையில் வாங்குகிறான். அது சட்டைப் பைக்குள் போகும் முன்னே மறைந்துவிடுகிறது. வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கிறான். குரல் ஒன்றே. ஆனால் முதற்பாட்டில் சாப்பாடு தானே வாயைத் தேடி வருகிறது. இரண்டாம் பாட்டில் கைக்கு வந்த காசுகூட அடுப்பங்கரையை எட்டுவதில்லை. இந்த இரண்டு பாட்டுக்கும் இடையில்தான் நம்மில் பெரும்பாலோருடைய வீடுகள் இருக்கின்றன.

இரண்டாவது பாட்டை எழுதியவர் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம். அந்தப் படம் திரைக்கு வந்தபோது அவர் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தொன்பது.

பட்டுக்கோட்டையாரைப் பற்றி மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் பொதுவுடைமையில் தொடங்கிப் பொதுவுடைமையில் முடிப்பார்கள். அது தவறன்று. ஆயினும் அவருடைய வாழ்க்கையை அடுப்படிப் பக்கமிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். அப்படிப் பார்ப்பதற்கு அவர் வாழ்க்கையே இடம் தருகின்றது.

தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூரில் 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் அருணாசலம் பிள்ளைக்கும் விசாலாட்சி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் கலியாணசுந்தரம். அந்த நாளுக்குத் தமிழக வரலாற்றில் வேறொரு சிறப்பும் உண்டு. அன்றுதான் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்தை நோக்கி உப்புக் காய்ச்சப் புறப்பட்டார்கள். தொண்டர்களுக்குச் சோறு போடுவோரும் இடம் கொடுப்போரும் சிறைக்கு அனுப்பப்படுவர் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். போட்டது யார் என்று மரத்தையா கைது செய்ய முடியும்? உப்புக்காகவும் சோற்றுக்காகவும் தஞ்சை மண் இப்படிக் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த அதே சித்திரை மாதத்தில், அதே மாவட்டத்தின் ஒரு மூலையில் இந்தக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. நாள் ஒத்துப்போனது தற்செயல்தான். நான் அதற்கு மேல் பொருள் கற்பிக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து உப்பளத்திலேயே கூலி வேலை பார்த்தது தற்செயல் அன்று, வறுமை.

தந்தை அருணாசலம் பிள்ளையும் பாட்டுக் கட்டுபவர். எனவே வீட்டில் தமிழ் இருந்தது, பள்ளிக்கூடம்தான் இல்லை. உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் படித்ததோடு கலியாணசுந்தரத்தின் கல்வி முடிந்தது. எங்கள் கொருக்குப்பேட்டையில் பிறந்த சர் பிட்டி தியாகராயர் 1920-லேயே சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர வழி செய்தார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சிற்றுண்டி செங்கப்படுத்தான்காடு வரைக்கும் போய்ச் சேரவில்லை. மாநிலமெங்கும் மதிய உணவு என்று காமராசர் தொடங்கியபோது நம் கவிஞர் திரைப்படத்துக்குப் பாட்டெழுத வந்துவிட்டார்.

பட்டுக்கோட்டையார் செய்த தொழில்கள் பதினேழு என்று கணக்குச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு எல்லோரும் வியந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். உழவு செய்திருக்கிறார், மாம்பழம் விற்றிருக்கிறார், இட்லி விற்றிருக்கிறார், முறுக்கு விற்றிருக்கிறார், தேங்காய் விற்றிருக்கிறார், மீனும் நண்டும் பிடித்திருக்கிறார், உப்பளத்தில் உழைத்திருக்கிறார், தண்ணீர் வண்டி ஓட்டியிருக்கிறார். பதினேழில் எட்டுத் தொழில்கள் வயிற்றைச் சேர்ந்தவை! அரிசி, உப்பு, தேங்காய், மீன், தண்ணீர் என்று ஒரு வீட்டுச் சமையற்கட்டுக்கு வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் அவர் கை வழியே போயிருக்கின்றன. தமிழில் விருந்தைப் பாடிய புலவர்கள் பலர். இட்லியைக் கூவி விற்ற கவிஞர் எத்தனை பேர்?

இட்லி வியாபாரம் என்றால் எளிதாகத் தோன்றும். எங்கள் தெருவில் திண்ணையோரத்தில் நாஸ்டா கடை போடும் ஆயாவைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். முதல் நாள் மாலையே அரிசியும் உளுந்தும் அரைத்தாக வேண்டும். இரவெல்லாம் மாவு பொங்க வேண்டும். வேதியியல் மாணவன் என்ற முறையில் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை: லூகோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளிவிடுவதால்தான் மாவு உப்பி, இட்லி மெத்தென்று வருகின்றது. குளிர்ந்த இரவில் அது சோம்பிப் படுத்துவிடும், இட்லி கல்லாகும். வெயிற்காலத்தில் வேகம் கூடிவிடும், புளித்துப் போகும். விடிவதற்கு முன்னே அடுப்பு மூட்டியாக வேண்டும். ஆறிப்போவதற்குள் விற்றாக வேண்டும். முறுக்கு பத்து நாள் தாங்கும். தேங்காய் மாதக்கணக்கில் தாங்கும். இட்லி மதியம் வரைதான். விற்காத இட்லியை வீட்டார் தின்று தீர்க்க வேண்டும். அன்றைக்கு லாபமும் இல்லை, முதலும் இல்லை. இந்தக் கணக்கைச் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டவனுக்குக் காசு கையில் நிற்காத கதையை எழுத யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் பாட்டு ஒன்று நினைவுக்கு வருகின்றது. உடுமலை நாராயணகவி எழுத, கலைவாணரும் மதுரமும் பாடியது. விஞ்ஞானத்தை வளர்க்கப் போவதாகத் தொடங்கும். பொத்தானைத் தட்டினால் தட்டில் இட்லியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கும் காலத்தைக் கனவு காண்பார்கள். அறிவியல் மாணவர் மன்றத்தில் அந்தப் பாட்டுக்கு இன்றைக்கும் கைதட்டல் உண்டு. நல்ல பாட்டுத்தான். ஆனால் பொத்தான் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இட்லிக் கூடைக்காரன் எங்கே போவான் என்று அதில் கேள்வி இல்லை. பட்டுக்கோட்டையார் அந்தப் பாட்டை எழுதியிருந்தால் அந்தக் கேள்வி கட்டாயம் வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

உப்பளத்துக்கு வருவோம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே அதிராம்பட்டினம் கடற்கரை. அங்கே உப்பளங்கள் உண்டு. நம் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றி அத்திப்பட்டுப் பக்கமும் உப்பளங்கள் உண்டாதலால் வடசென்னைக்காரர்களுக்கு இந்தத் தொழில் புதிதன்று. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ முப்பத்தைந்து கிராம் உப்புகள் இருக்கின்றன. பாத்திகளில் நீரைப் பாய்ச்சி வெயிலில் வற்றவிட்டால், முதலில் ஜிப்சம் படியும். பிறகே நமக்கு வேண்டிய சோடியம் குளோரைடு படியும். அதன் பின் எஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். ஒரு மழை பெய்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்து போகும். ஆய்வுக்கூடத்தில் இதைப் படிகமாக்கல் என்று அரை மணி நேரத்தில் செய்துவிட்டுக் கைகழுவிக்கொள்கிறோம். உப்பளத்தில் நிற்பவனுக்குப் பாதம் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு நீர் இறங்கும். சோற்றில் உப்பு சற்றுக் குறைந்தால் முகம் சுளிக்கும் நாம் அந்தப் பாதங்களை நினைப்பதில்லை.

அவர் கட்டிய முதற்பாட்டும் உணவைப் பற்றியதுதான் என்று சொன்னால் சிலர் மறுக்கலாம். 1946-ஆம் ஆண்டு, பதினைந்து பதினாறு வயதில், குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது துள்ளி விளையாடிய கெண்டைக் குஞ்சைப் பார்த்து அவர் பாடினார். தூண்டிற்காரன் வரும் நேரம், கரையோரம் மேயாதே, ஓடிப்போ என்பது அதன் கருத்து. நினைத்துப் பாருங்கள்! தானே மீன் பிடித்து விற்றவன். மீன் அகப்பட்டால்தான் வீட்டில் உலை. அவன் மீனுக்கு எச்சரிக்கை சொல்லுகிறான். காசிமேட்டில் வலை இழுக்கும் ஒருவர் இந்தப் பாட்டைக் கேட்டால் சிரிப்பார். எனக்கு அந்த மீனும் அந்தப் பையனும் ஒருவரே என்று தோன்றுகின்றது. கரையோரத்தில் இரை தேடுவது சின்ன மீன். கரையில் காத்திருப்பது பெரிய கை. பிற்காலத்தில் அவர் எழுதிய அத்தனை பாட்டுக்கும் விதை அந்தக் குளத்தங்கரையில் விழுந்துவிட்டது எனின் மிகையாகாது.

அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணத்தில் ரேஷன் வந்தது. 1952-இல் இராஜாஜி முதலமைச்சராகி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கும் வரையில் அரிசி என்பது அளந்து கொடுக்கப்படும் பொருளாகவும், பதுக்கி விற்கப்படும் பொருளாகவும் இருந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் இருபத்திரண்டு வயது இளைஞனாக வளர்ந்த பத்தாண்டுகள் முழுவதும் ரேஷன் காலம். அதுவும் எங்கே? தமிழகத்துக்கே நெல்லளக்கும் தஞ்சையில்! களத்தில் நெல் மலையாகக் குவியும். குவித்தவன் வீட்டுப் பானையில் கஞ்சியும் இராது. இந்த முரண்பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் பலர், பாட்டாக்கியவர் இவர்.

விவசாயிகள் இயக்கம் தஞ்சையில் வேரூன்றிய காலம் அது. இளைஞர் கலியாணசுந்தரம் அதிலே கலந்தார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவைத் தம் வழிகாட்டியாகக் கொண்டார். அந்த ஜீவானந்தம்தான் 1952 பொதுத்தேர்தலில் எங்கள் வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குச் சென்றவர் என்பதை இந்த வட்டாரத்து மாணவன் பெருமையோடு குறிப்பிட்டுக்கொள்ளலாம் அல்லவா? சக்தி நாடக சபையில் சேர்ந்து நடித்தார். புதுவைக்குச் சென்று பாவேந்தர் பாரதிதாசனிடம் தங்கித் தமிழ் பயின்றார். ‘குயில்’ ஏட்டு வேலைகளில் துணை நின்றார். திண்டுக்கல்லில் விவசாயிகள் மாநாட்டையொட்டி நடந்த ‘கண்ணின் மணிகள்’ நாடகத்துக்குப் பாட்டெழுதினார். வயலில் கதிர் சாய்ந்து கிடக்க, மக்கள் வயிறு மட்டும் காய்ந்து கிடப்பது ஏன் என்று கேட்கும் பாட்டு அந்தக் காலத்தது. கேள்வி மிகச் சிறியது. விடை சொல்லத்தான் எவராலும் இயலவில்லை.

பிறகு சென்னை. இராயப்பேட்டையில் நண்பர்களோடு ஒரு சிறிய அறை. படக்கம்பெனிகளின் வாசலில் காத்திருப்பு. சாப்பாடு கிடைத்த நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. ‘படித்த பெண்’, ‘மகேஸ்வரி’ என்று தொடங்கிய திரைப்பாட்டு வாழ்க்கை ஐந்தாண்டுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களைத் தொட்டது. எம்.ஜி.ஆர். படங்களுக்கும் எழுதினார், சிவாஜி படங்களுக்கும் எழுதினார். ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய ‘கல்யாணப் பரிசு’ (1959) படத்தின் பாடல்கள் அவருடையவை, ஏ. எம். ராஜா இசையமைத்த அந்தப் பாடல்களில் பல காதலைப் பாடுபவை. பசியை மட்டுமே பாடியவர் என்று அவரைச் சிறைப்படுத்துவது நியாயமன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன். நிலவையும் பாடினார், நெசவையும் பாடினார். உறங்கும் நேரத்தில் பானையை உருட்டுவது பூனையின் குணம் என்று வேடிக்கையாகவும் பாடினார். ஆனால் அந்த வேடிக்கையிலும் பாருங்கள், உவமை அடுக்களையிலிருந்துதான் வருகின்றது.

இந்தப் பாட்டுகள் மக்களைச் சென்றடைந்த வழியும் சுவையானது. 1952-க்குப் பிறகு அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கி வைத்திருந்தது. 1957-இல் விவித பாரதி வந்த பிறகே அந்தக் கதவு திறந்தது. அதுவரை தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளுக்குத் தமிழ்ப் பாட்டு கடல் கடந்து இலங்கை வானொலியிலிருந்து வந்தது. துறைமுகத்திலும் ஆலையிலும் வேலை முடித்து வருபவர் ஒரு டீயை வாங்கிக்கொண்டு மூன்று பாட்டுக் கேட்டுவிட்டுப் போவார். புத்தகம் வாங்க இயலாதவனுக்குக் கவிதை இப்படித்தான் கிடைத்தது. அதனால்தான் இரண்டு ஆண்டுகள் மட்டுமே படித்த அந்தக் கவிஞர் படிப்பில்லாதவனுக்கும் புரியும்படி எழுதினார்.

1958 ஆகஸ்டில் எம்.ஜி.ஆர். தாமே தயாரித்து இயக்கிய ‘நாடோடி மன்னன்’ வந்தது. அதில் டி. எம். சௌந்தரராஜனும் பானுமதியும் பாடும் பாட்டு ஒன்று: காடு விளைந்தாலும் நமக்கு மிச்சம் கையும் காலும்தானே என்று பெண் தொடங்குவாள். மாடாக உழைப்பவனுக்குப் பசி வரக் காரணம் என்ன என்று கேட்பாள். அவன் தேடிய செல்வம் வேறிடத்தில் போய்ச் சேருகிறது என்று ஆண் விடை சொல்வான்; பொதுவில் நன்மை தரும் சட்டம் போடப் போவதாகவும் சொல்வான். பலரும் அந்த ஆணின் விடையையே பாராட்டுகிறார்கள். நான் அந்தப் பெண்ணின் கேள்வியைப் பாராட்டுகிறேன். ஏனெனில் உலை வைப்பவள் அவள்; அரிசி போதுமா போதாதா என்பது அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

இங்கே ஒரு குறையையும் மனம் திறந்து கூற வேண்டும். கவிஞர் மீது எனக்குள்ள மதிப்பு இதனால் குறையாது. நான் கேட்ட வரையில், அவர் பாட்டுகளில் சமையல் என்பது பெரும்பாலும் ஆணின் சட்டைப் பை வழியாகவே பேசப்படுகிறது. சம்பளம் வந்ததா, கடன் தீர்ந்ததா, விளைந்தது யாருக்குப் போனது என்ற கேள்விகள் உண்டு. புகையில் கண்ணெரிந்து, எல்லோருக்கும் போட்டுவிட்டு, பானையின் அடியில் ஒட்டியதை வழித்து உண்ணும் தாயைத் தேடினால் அவ்வளவாகக் காணோம். அந்தக் காலத் திரைப்படம் அவ்வளவுக்குத்தான் இடம் தந்தது என்று சமாதானம் சொல்லலாம். இன்னும் பத்தாண்டுகள் இருந்திருந்தால் எழுதியிருப்பார் என்றும் சொல்லலாம். ‘நாடோடி மன்ன’னில் கேள்வி கேட்ட அந்தப் பெண் அதற்குத் தொடக்கம்.

இனி ‘இரும்புத்திரை’. எஸ். எஸ். வாசன் எடுத்த ஆலைத் தொழிலாளர் கதை அது. பாட்டில் வரும் தொழிலாளி முப்பது நாளும் உழைத்து இளைத்திருக்கிறான். சம்பள நாளன்று கடன்காரர்கள் கணக்கு நோட்டோடு காத்து நிற்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் பிய்த்துக்கொள்கிறார்கள். இது கற்பனைக் காட்சி அன்று. பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில் இயங்கிய காலத்தைப் பார்த்த பெரியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். சம்பள நாளன்று மில் வாசலில் ஈட்டிக்காரர்கள் எப்படி நிற்பார்கள், அவர்கள் கண்ணில் படாமல் பின்வழியாக எப்படி நழுவ வேண்டும் என்று கதை கதையாகச் சொல்வார்கள். மில் 1996-இல் மூடப்பட்டுவிட்டது. ஈட்டிக்காரர்களும் இல்லை. ஆனால் தண்டல் இருக்கிறது. காலையில் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினால் பிடித்தம் போகக் கையில் வருவது குறைவு; அன்றிலிருந்து தினமும் மாலையில் நோட்டுப் புத்தகத்தோடு சைக்கிளில் வருவார்கள், இப்போது மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். மீன் கூடை தூக்குபவர், இட்லிக் கடை போடுபவர், காய்கறி வண்டி தள்ளுபவர் எல்லோருக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எங்கள் வீட்டுக்கும் ஒரு காலத்தில் ஒரு பக்கம் இருந்தது. என் முதலாண்டுக் கட்டணத்தைக் கட்டிய மாதத்தில் அம்மா இரவில் அந்தப் பாட்டை முணுமுணுத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆகவேதான் அந்தப் பாட்டை வெறும் நகைச்சுவைப் பாட்டு என்று சிலர் ஒதுக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். மெட்டு துள்ளும், கேட்பவர் காலால் தாளம் போடுவார். அழுகையைச் சிரிப்பின் இலையில் வைத்துப் பரிமாறியிருக்கிறார் கவிஞர். நேராக அழுதிருந்தால் யாரும் இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள்.

1957 செப்டம்பரில் ஆத்திக்கோட்டையைச் சேர்ந்த கௌரவாம்பாளை மணந்தார். பாவேந்தர் பாரதிதாசன் தலைமையில் திருமணம் நடந்தது. அதே ஆண்டுதான் தமிழகமெங்கும் கடோத்கசன் கல்யாண விருந்தை உண்டுகொண்டிருந்தான். 1959-இல் மகன் குமாரவேல் பிறந்தான். கையில் பாட்டு இருந்தது, கொஞ்சம் காசும் இருந்தது, வீட்டில் உலை கொதித்தது. வாழ்க்கை அப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது. குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தபோது, அக்டோபர் 8-ஆம் நாள், சென்னையில் கவிஞர் காலமானார்.

படங்களோ அதன் பிறகும் வந்துகொண்டே இருந்தன. 1960-இல் ‘இரும்புத்திரை’, ‘ஆளுக்கொரு வீடு’. 1961-இல் ‘அரசிளங்குமரி’, ‘திருடாதே’. கொட்டகையில் மக்கள் கைதட்டியதை எழுதியவர் கேட்கவில்லை. ‘திருடாதே’ படத்தில் குழந்தைக்குச் சொல்லும் புத்திமதிப் பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். திருடுவது தப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் அது பள்ளிக்கூடப் பாடம். கவிஞர் அதற்கு மேலே போகிறார்: உள்ளது எல்லோருக்கும் பொதுவாகிவிட்டால் பதுக்குவதற்கும் வேலை இராது, எடுப்பதற்கும் அவசியம் இராது என்கிறார். பதுக்கல் என்ற சொல் அந்தப் பாட்டுக்குள் எப்படி வந்தது? ரேஷன் காலத்தில் அரிசிக்கு வரிசையில் நின்ற பையன்தான் அதை உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் துணிபு.

அந்தப் படத்தின் நாயகர் எம்.ஜி.ஆர். பின்னாளில் முதலமைச்சரானார். 1981-இல் தமிழக அரசின் பாரதிதாசன் விருது மறைந்த கவிஞருக்கு வழங்கப்பட்டது, கௌரவாம்பாள் பெற்றுக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டு, 1982-இல், குழந்தைகளுக்கான சத்துணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். தொடங்கினார். பாட்டுக்கும் திட்டத்துக்கும் நேரடி முடிச்சுப் போட நான் முனையவில்லை. அவரே பசியை அறிந்தவர். 1993-இல் கவிஞரின் படைப்புகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பட்டுக்கோட்டையில் மணிமண்டபமும் எழுந்தது.

சென்ற தை மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பந்தியில் வழக்கம் போலக் கடோத்கசன் பாட்டு ஓடியது. பாயசம் வந்துகொண்டிருந்த நேரத்தில் நான் மைக் செட்காரரிடம் போய், லோகநாதன் பாடிய இன்னொரு பாட்டு இருக்கிறதே, ‘கையிலே வாங்கினேன்’, அதையும் போடுங்கள் அண்ணே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாண வீட்டில் அதைப் போட்டால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள், சமையல்காரருக்கே இன்னும் பாக்கி இருக்கிறதாம், சும்மா இரு தம்பி என்று தணிந்த குரலில் சொன்னார். மே தினத்தன்று ஆட்டோ ஸ்டாண்டில் கொடியேற்றுவார்கள், அன்றைக்கு வா, காலையிலிருந்து நாலு தடவை போடுகிறேன் என்றார். போனேன். ஐந்து தடவை போட்டார்.